ஐம்பது அடிக்கு அப்பால்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பர்வீனிடமிருந்து வாட்ஸப்பில் வரிசையாக நான்கு படங்கள் வந்தன. நான்கிலும் ஒரே லென்ஸ். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கடைசியாக உள்ளங்கையில் ஏந்தியபடி ஒன்று. கீழே கேள்வி: "அங்கிள், பீரோல இருந்துச்சு. இது என்ன லென்ஸ்? என் கேமராவுக்குச் சேருமா? பின்னாடி ஒரு பித்தளை ரிங் ஒட்டிக்கிட்டு கழலவே மாட்டேங்குது."

பர்வீன் என் நண்பன் சலீமின் அண்ணன் மகள். சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். சமீபத்தில்தான் புதிய வகை கேமரா ஒன்று வாங்கியிருக்கிறாள். என்னிடம் இதையெல்லாம் கேட்பதற்குக் காரணம், நான் ஒரு காலத்தில் லென்ஸ் பைத்தியமாக இருந்தேன் என்று அவள் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, சலீம்தான்.

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவன் மாதிரி நான்கு படங்களையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பித்தளை வளையத்தின் விளிம்பில் அரம் பட்ட கீறல்கள்கூட அப்படியே இருந்தன. காபி ஆறிப்போனது.

நல்ல லென்ஸை அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையில் எடுத்ததும் எடை சொல்லிவிடும். சாதாரண லென்ஸில் எண்களை மேலே அச்சடித்திருப்பார்கள். தொழில் செய்பவர்களுக்கான லென்ஸில் எண்களை உலோகத்திலேயே வெட்டி உள்ளே வண்ணம் இட்டிருப்பார்கள். இருட்டில் நகத்தால் தடவிப் பார்த்தே படிக்கலாம். முன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் ஊதாவும் தேன் நிறமும் கலந்து ஒரு மினுமினுப்பு வரும். மலிவான லென்ஸில் வெறும் ஜன்னல் கண்ணாடி போல வெள்ளையாக அடிக்கும். சில கம்பெனிகள் தங்களுடைய உயர்ந்த சரக்குக்கு ஒரு வண்ண வளையம் போட்டுவிடும். பட்டுப் புடவைக்கு ஜரிகை மாதிரி. முன்விளிம்பில் 1:2.8 என்பது போல இருக்கும் எண்ணில் இரண்டாவது பகுதி எவ்வளவு சிறியதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும், அவ்வளவு விலையும் ஏறும். அந்த நாட்களில் தாம்பரம் பீச் ரயிலில் பத்திரிகைப் புகைப்படக்காரர் யாராவது ஏறினால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் மடியைத்தான் பார்ப்பேன். ஒருமுறை ஒருவர் பயந்துபோய்ப் பையை மூடிக்கொண்டார்.

நல்லதா என்று கண்டுபிடிப்பது சுலபம். சேருமா என்பதில்தான் தகராறு. கேமராக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஒன்றோடொன்று சம்பந்தம் செய்துகொள்ளாத குடும்பங்களைப் போல இருந்தன. ஒரு கம்பெனியின் லென்ஸ் வலம் சுழித்துப் பூட்டும், இன்னொன்று இடம் சுழிக்கும். சிலவற்றைத் திருகாணி மாதிரி திருகிக்கொண்டே போக வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை கல்யாணப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்தான். அவசரத்துக்கு லென்ஸ் இரவல் கேட்க வேண்டுமானாலும் சொந்தக் கம்பெனிக்காரரைத் தேடித்தான் போக வேண்டும்.

எங்களுடையது திருகு கேமரா. 'எங்களுடையது' என்று சொல்வது எனக்கும் சலீமுக்கும் சேர்த்து. எண்பதுகளின் கடைசி. நான் பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் பில் பிரிவில் குமாஸ்தா. சலீம் மேற்குத் தாம்பரத்தில் அவனுடைய அப்பாவின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து ஒரு பழைய கேமரா வாங்கி, விடுமுறை நாட்களில் கல்யாணம், காதுகுத்து, சுன்னத் கல்யாணம், ஞானஸ்நானம் என்று எதையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தோம். சலீம் பேசுவான், நான் எடுப்பேன். அவன் பேச்சில் மாப்பிள்ளையே சிரித்துவிடுவார். நான் பேசினால் மாப்பிள்ளை பில் வந்துவிட்டதோ என்று பார்ப்பார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வீடியோ வரும் வரைக்கும். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் மணமேடையை அப்படியே வாங்கிக்கொள்வார். ஒருவர் எடுப்பார், இன்னொருவர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார், மூன்றாவது ஆள் ஒயரைத் தூக்கிக்கொண்டு நம் காலுக்குள் ஓடுவார். "போட்டோ சார், கொஞ்சம் ஒதுங்கு. ஃப்ரேம் பூரா உன் முதுகுதான் கீது" என்பார்கள். ஒதுங்கினால் எங்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய முதுகு.

"மச்சான், நம்ம ஆல்பத்துல பாதி, வீடியோக்காரன் கக்கம்தான்" என்றான் சலீம். "தூரத்துல நின்னு எடுக்கற மாதிரி ஒரு லென்ஸ் வேணும்."

சலீமின் அண்ணன் அன்வர் அப்போது சவூதியில் ஏ.சி. மெக்கானிக். அந்த வீட்டில் கடிதத்தைவிட கேசட்தான் அதிகம். குடும்பம் மொத்தமும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். அம்மா உடம்பைப் பற்றி, அப்பா கடையைப் பற்றி. அண்ணி நசீமா எல்லாரும் எழுந்து போன பிறகு பேசுவார். அந்த முறை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் சலீம் புகுந்து, "அண்ணா, எங்களுக்கு ஒரு டெலி லென்ஸ் வேணும். இருக்கறதுலயே நல்லதா வாங்கிட்டு வாங்க" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று சுவரில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிற ஆள் நான். எந்தக் கம்பெனி லென்ஸ் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை. அப்பா இருமினார், கேசட் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அன்வர் அண்ணன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்தத் தடவை வந்தபோது, எல்லாருக்கும் துணியும் சென்ட்டும் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாக ஒரு டர்க்கி டவலைப் பிரித்தார். உள்ளே அந்த லென்ஸ். நூற்றெண்பது மில்லிமீட்டர், கழுத்தில் பொன் நிற வளையம், சொந்தமாக ஒரு தோல் பெட்டி. நான் அதுவரை அந்த வகையைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

"கடைக்காரன் சொன்னான், இதுக்கு மேல லென்ஸே கிடையாதுன்னு" என்றார் அண்ணன். "ரம்ஜான் பூரா ஓவர்டைம் பார்த்தேன்டா. எடு, மாட்டிக் காட்டு."

நான் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று பற்கள். எங்கள் கேமராவிலோ திருகு மரை. இது அதன் மேல் உட்காரக்கூட உட்காராது. நான் சலீமைப் பார்த்தேன். என் முகத்தைப் படிக்க அவனுக்கு எப்போதும் நேரம் ஆகாது.

"இப்பவே மாட்டக் கூடாதுண்ணா" என்றான். "ஃபாரின்ல இருந்து வந்த லென்ஸ். ரெண்டு நாள் நம்ம ஊர் காத்துல வெச்சு எடுக்கணும்."

அண்ணன் தலையாட்டினார். "ஆமா, கம்ப்ரசரையும் அப்படித்தான் விடுவோம். ஏத்தி இறக்கின உடனே ஓட்டினா போயிடும்." நசீமா அண்ணி மட்டும் சமையலறை வாசலிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் சலீம் சொன்னான்: "சேரலைன்னு தெரிஞ்சா அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார். பேசாம இருப்பார். அதுதான் தாங்காது. எப்படியாவது மாட்டிடு மச்சான்."

இந்த இடத்தில் அண்ணனுக்கு அந்த லென்ஸ் மேல் ஏன் அவ்வளவு ஆசை என்று சொல்ல வேண்டும். கல்யாண வீடியோக்காரரின் கக்கத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அவருடைய கணக்கு வேறு.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அப்போது பார்வையாளர் மாடம் ஒன்று இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போனால் கம்பியோரமாக நின்று விமானம் வரை பார்க்கலாம். பம்பாய் போய் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள், கீழே கதவு திறந்ததும் வெயிலில் நடந்துபோய்ப் படிக்கட்டில் ஏறுவார்கள். மேல்படியில் நின்று ஒருதரம் திரும்பிக் கையாட்டுவார்கள். மாடம் முழுவதும் பதிலுக்குக் கையாட்டும். தெற்குப் புறநகரில் அநேகமாக எல்லாத் தெருவிலும் அந்தக் கம்பியைப் பிடித்து நின்ற குடும்பம் ஒன்றாவது இருந்தது. சிக்கல் என்னவென்றால், அவ்வளவு தூரத்தில் எல்லாரும் ஒரே மாதிரி கட்டைவிரல் உயரம்தான் இருப்பார்கள். போன தடவை அன்வர் அண்ணன் போனபோது, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவருக்கு மொத்தக் குடும்பமும் கையாட்டியது. அவரும் பதிலுக்கு ஆட்டினார். அவர் உள்ளே போன பிறகு, ஐந்தாறு பேர் தள்ளி வந்துகொண்டிருந்த நிஜமான அன்வர் அண்ணன் மேல்படியில் நின்று ஆட்டியபோது, இங்கே எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது அவர் நடை இல்லைன்னு நான் சொன்னேன். யார் கேட்டா?" என்று நசீமா அண்ணி இரண்டு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த முறை அண்ணன் ஏற்பாடாக வந்திருந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை. அதோடு இந்த லென்ஸ். "மேல்படில நின்னு நல்லாத் திரும்பி நிக்கறேன். மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துடு தம்பி" என்று என்னிடம் சொன்னார். "இவகிட்ட நான் போற மூஞ்சி ஒண்ணு இருக்கட்டும். வர்ற மூஞ்சி கண்டிப்பா வந்துடும்."

மறுநாள் அண்ணி என்னிடம் தனியாக, "மூஞ்சி தெரியுமில்ல தம்பி?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குப் பின்னால் ஜோசப் அண்ணனின் லேத் பட்டறை இருந்தது. இப்போதும் இளஞ்சூடான எண்ணெய் வாசனை எங்காவது வந்தால் எனக்கு அந்தப் பட்டறைதான் ஞாபகம் வரும், சுருள் சுருளாகக் கீழே கிடக்கும் இரும்புச் சீவல்களோடு. கிராஃப் தாளில் நான் வரைபடம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வெளிவிட்டம், உள்விட்டம், மரையின் இடைவெளி, பற்களுக்கான மூன்று காடிகள், அவற்றின் கோணம், எல்லாவற்றையும் மூன்று வண்ணப் பென்சிலில் குறித்திருந்தேன். தடிமன் என்கிற இடத்தில் 'போதுமான அளவு' என்று எழுதியிருந்தேன். மெல்லிய வளையம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜோசப் அண்ணன் லென்ஸை ஒரு கையில் எடை பார்த்தார். "இவ்ளோ கனமா? மெல்லிசா கடைஞ்சா நெளிஞ்சிடும் தம்பி. நான் கெட்டியா போட்டுக் குடுக்கறேன். உன் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்." பித்தளையில் கடைந்து, காடிகளை அரத்தால் ராவி, கழலாமல் இருக்கப் பக்கவாட்டில் எள்ளளவு திருகு ஒன்றும் வைத்துக் கொடுத்தார். வளையத்தைக் கேமராவில் திருகினோம், லென்ஸ் கப்பென்று பூட்டிக்கொண்டது. சலீம் ஜோசப் அண்ணனைக் கட்டிப்பிடித்து, சட்டை முழுவதும் கிரீஸ் ஆக்கிக்கொண்டான்.

எனக்குச் சோதிக்காமல் எதையும் நம்ப முடியாது. இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த கோடவுனில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நின்று, படம் தெளியும் வரை லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பி எடுத்தேன். பத்து அடி, இருபது அடி, முப்பது அடி. ஒவ்வொன்றிலும் செய்தித்தாளின் எறும்பு எழுத்து வரை படிக்க முடிந்தது. நாற்பது அடியில் கோடவுனின் எதிர்ச் சுவர் என் முதுகில் இடித்தது. கோடவுன் முடிந்த இடத்தில் என் சோதனையும் முடிந்தது. அன்றைய டைரியில் 'பரமதிருப்தி' என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் 'குவிய வளையம் ஏறக்குறையக் கடைசிவரை போய்விடுகிறது' என்றும் எழுதியிருக்கிறேன். பார்த்ததை ஒழுங்காகக் குறித்துக்கொள்வேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பது எனக்கு மறுநாள் வேலை.

அந்த இரண்டு மாத லீவில் அந்த லென்ஸால் நாங்கள் எடுத்த படங்களைப் போல முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. மண்டபத்தில் மூன்றாவது வரிசை நாற்காலியில் ஏறி நின்று, வீடியோக்காரரின் தோளுக்கும் விளக்குக்காரரின் காதுக்கும் நடுவில் மணப்பெண்ணின் கண்ணிமையைப் பிடித்தேன். வீட்டுக் கூடத்தில், ஒன்றேகால் வயதுக் குழந்தையாக இருந்த பர்வீனின் கன்னத்துப் பூனைமுடியைப் பிடித்தேன். அண்ணன் அந்தப் படங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செலையூர் வரை எல்லா உறவுக்காரர்களிடமும் காட்டிவிட்டு வந்தார். "லென்ஸ் நான் வாங்கினது" என்பார். எங்களுக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. தாம்பரத்தில் ஐம்பது அடிக்கு மேல் தள்ளி நின்று எடுக்க வேண்டிய விஷயம் ஒன்றும் எங்களுக்கு வரவில்லை.

புறப்படும் நாள் வந்தது. அம்பாசிடரில் நெருக்கிக்கொண்டு மீனம்பாக்கம் போய், மாடத்துக்குச் சீட்டு வாங்கிப் படியேறினோம். சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பீரங்கி கணக்கா கீது?"

"லென்ஸ்" என்றேன்.

"ப்ளேன எடுக்கக் கூடாது. போர்டு கீது பாரு."

"ப்ளேன் எங்களுக்கு எதுக்குண்ணா?" என்றான் சலீம். "எங்க அண்ணன மட்டும்தான் எடுக்கறோம். ஃபாரின் போறாரு."

"அவரு எங்க நிப்பாரு?"

"ப்ளேன் படிக்கட்டுல."

அவர் சற்று யோசித்தார். அண்ணியையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தார். "சரி, படிக்கட்ட எடுத்துக்க. ரெக்கை வரக் கூடாது."

படிக்கட்டு நேராகத் தெரியும் இடம் என்று மாடத்தின் கோடியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து நின்றேன். குடும்பம் இருபது அடி தள்ளிக் கம்பியோரமாக நின்றது. விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாசனை வெயிலோடு கலந்து வந்தது. கீழே கதவு திறந்தது. வரிசையாக வந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை. இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமே இல்லை. "அதோ, அதோ" என்று அம்மா சத்தம் போட்டார்.

நான் கேமராவைக் கண்ணில் வைத்துக் குவிய வளையத்தைத் திருப்பினேன். ஆரஞ்சு நிறம் பஞ்சு மாதிரி இருந்தது. இன்னும் திருப்பினேன். பஞ்சு கொஞ்சம் சுருங்கியது. படுக்கவைத்த எட்டு மாதிரி ஒரு குறி இருக்குமே, தூரத்துக்கு எல்லையில்லை என்று சொல்லும் குறி, அதுவரை வளையம் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் திரும்பாது. நான் பலம் கொடுத்துத் திருப்பினேன். திரும்பவில்லை.

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு கம்பெனியும் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் தனக்கென்று ஓர் இடைவெளியை நிர்ணயித்திருக்கிறது. லென்ஸ் அதைவிட ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும், கிட்டே இருப்பவை பளிச்சென்று தெரியும், தூரத்தில் இருப்பவை தெளியவே தெளியாது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது போல. ஒரு நாணயத்தின் தடிமன்தான் அந்த வளையத்துக்கு இடம். ஜோசப் அண்ணன் பேரன் காலத்துக்குக் கடைந்திருந்தார்.

"எடு மச்சான், ஏறிட்டார்" என்றான் சலீம் பின்னால் வந்து.

"தெளிய மாட்டேங்குதுடா."

"என்னது?"

"தூரம் தெளியாது. ரிங்கு தடி."

சலீம் பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அண்ணி கம்பியோரத்திலிருந்து கழுத்தைத் திருப்பிக் கேட்டார்: "தெரியறாரா தம்பி?"

"சட்டை தெரியுது அண்ணி."

"சட்டை எனக்கே தெரியுதே" என்றார்.

மேல்படியில் அண்ணன் திரும்பினார். சொன்னபடியே நன்றாகத் திரும்பி, நேராக நின்று, ஒரு கையைத் தூக்கினார். மற்றவர்கள் ஒரு தரம் ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. படத்துக்கு நேரம் கொடுத்து அசையாமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். பணிப்பெண் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் நின்றார். நான் அந்தப் பஞ்சையே ஒரு படம் எடுத்தேன். எடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. பிறகு ஆரஞ்சு மறைந்தது.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணில் வைத்தபடியே மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பினேன். கம்பி வந்தது, கம்பியைப் பிடித்த விரல்கள் வந்தன. வளையத்தை நான் திருப்பினேனோ, கை தானாகத் திருப்பியதோ, அண்ணியின் முகம் சட்டென்று தெளிந்தது. அவ்வளவு தெளிவாக நான் எந்த முகத்தையும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாக இருந்தது. ஒரு படம் எடுத்தேன். விமானக் கதவை மூடினார்கள். படிக்கட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். மாடத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அண்ணி கிளம்பவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து, மூடிய விமானத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அதையும் எடுத்தேன். அத்தோடு ரோல் முடிந்தது.

பிரிண்ட் வந்ததும் எதை அனுப்புவது என்று நானும் சலீமும் நிறைய வாதாடினோம். ஆரஞ்சுப் பஞ்சை மறைத்துவிடலாம், ஃபிலிம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான் அவன். குறுக்கே வந்தவர் அண்ணிதான். "மூணையும் அனுப்பு. என்ன நடந்ததோ அதைச் சொல்லிடு. அவர் மெக்கானிக்தானே, புரியும்" என்றார். சலீம் கேசட்டில் எல்லாவற்றையும் சொன்னான். லென்ஸ் வேறு கம்பெனி, கேமரா வேறு கம்பெனி, காத்தாட வைத்தது பொய், வளையம், தடிமன், கடைசிப் படம் படிக்கட்டை இழுத்துக்கொண்டு போன பிறகு எடுத்தது.

பதில் கேசட் வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் நெடுநேரம் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கேசட் காலி என்றே நினைத்தோம். பிறகு அண்ணனின் குரல்.

"சலீமு, லென்ஸ் விஷயத்துக்கு ஊருக்கு வந்து உதைக்கறேன். அந்தத் தம்பிக்கும் உண்டு." கொஞ்ச நேரம் ஏ.சி. சத்தம். "ஏணிய எடுத்தப்புறம் எடுத்ததுன்னு சொன்னியே, அந்தப் படத்தை ரூம்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தாங்க. எத்தனை தடவை போயிருக்கேன். நான் உள்ள போனதும் நீங்க கிளம்பிடுவீங்கன்னு நெனச்சேன். கதவு மூடினப்புறம் யாருக்குடா கையாட்டறா அவ? நான் அப்போ சீட்டு நம்பர் தேடிக்கிட்டிருந்தேன்."

அண்ணி எழுந்து, குழந்தை அழுகிறதா என்று பார்க்க உள்ளே போனார். குழந்தை சலீமின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் போய் வந்தார். பிறகு செலையூரில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடை போட்டு இங்கேயே இருந்துவிட்டார். அந்தப் படம்தான் காரணம் என்று சலீம் சொல்வான். முதுகுவலிதான் காரணம் என்று அண்ணன் சொல்வார். நான் இரண்டையும் டைரியில் குறித்துவைத்திருக்கிறேன். லென்ஸை நாங்கள் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அவர் அதை விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடிகாரக்காரர் வைத்திருக்கிற மாதிரி சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு செலையூருக்குப் போனேன். பர்வீனின் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே பழைய கேமராக்களைப் போல ஆடும் கண்ணாடி இல்லாததால் உடம்பு மெல்லியது. லென்ஸுக்குப் பின்னால் இடம் தாராளம். எந்தக் கம்பெனி லென்ஸையும் அதற்குரிய வளையத்தோடு மாட்டிவிடலாம், தூரம் கெடாது. நான் சொல்லியிருந்த வளையத்தை வலைத்தளத்தில் வரவழைத்துத் தயாராக வைத்திருந்தாள். எங்கள் காலத்துச் சண்டையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் தீர்ந்து கிடந்தது.

லென்ஸில் பாச்சை உருண்டை வாசனை. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சணம் நூலாகப் படர்ந்திருந்தது. பித்தளை வளையத்தில் அழுக்கு மூடியிருந்த அந்த எள்ளளவு திருகை நகத்தால் தேடிக் கண்டுபிடித்தேன். இரண்டு சுற்றில் கழன்றது. "இங்க ஸ்க்ரூ இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" என்றாள் பர்வீன். ஜோசப் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம், கீழே பிரியாணிக் கடை.

மொட்டை மாடிக்குப் போனோம். அன்வர் அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார். பின்னாலேயே அண்ணியும் வந்தார். விமானம் ஒன்று எழும்பிக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பர்வீன் லென்ஸைத் திருப்பினாள். "ஜன்னல் ஒவ்வொண்ணும் தெரியுது அங்கிள்" என்றாள்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். "தெரியுது. ஆளுங்கதான் தெரியலை."

பார்வையாளர் மாடம் எப்போது மூடப்பட்டது என்று எனக்குத் தெரியாது. நான் குறித்துவைக்காத விஷயங்களில் அதுவும் ஒன்று. ஒரு நாள் போனபோது படிக்கட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. பிறகு கட்டடமே மாறிவிட்டது. வெயிலில் நடந்துபோய் விமானம் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கட்டடத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் கூண்டுப் பாலம் வழியாக உள்ளேயே போய்விடுகிறார்கள். போன மாதம் பர்வீனின் கணவர் டல்லஸ் போனபோது, வாசலில் பெட்டியை இறக்கியதும் காரை எடுக்கச் சொல்லி விசில் அடித்துவிட்டார்களாம். ஆனால் அவர் உள்ளே போனதிலிருந்து சீட்டில் உட்காரும் வரை போனில் முகத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தாராம். போகிற முகம் இப்போது கையிலேயே இருக்கிறது, இமை முடி வரைக்கும் தெளிவாக. போன பிறகு நிற்பதற்குத்தான் ஓர் இடம் இல்லை.

"குடுங்க" என்று அண்ணி கேமராவை வாங்கினார். விமானம் அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், சத்தமும் தேய்ந்துவிட்டது.

"போயிடுச்சு அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றார். கேமராவை இறக்கவில்லை.